முகாமுக்கு முந்தைய இரண்டு வாரங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசு கலை அறிவியல் கல்லூரிகள், பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றின் முதல்வர்கள் மற்றும் வேலைவாய்ப்புப் பிரிவுப் பொறுப்பாசிரியர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். பென்னாகரம் வட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தினமும் பேருந்தில் போய்வந்து தருமபுரியில் பட்டம் படித்தவள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையமும் பிற அரசுத் துறைகளும் உங்கள் கல்லூரி வளாகங்களில் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களில் எங்கள் நிறுவனத்தின் சார்பில் மேசை போட்டு உட்காருவது என் பணியின் ஒரு பகுதி. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கும்போது தெரிகிற சிலவற்றை, மாணவர்களை அந்தப் பக்கம் அனுப்பிவைக்கிற உங்களிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். முகாமுக்கான தயாரிப்பை முகாம் நாளன்று காலையில் தொடங்காதீர்கள். குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள். அதற்கு முதற்படியாக, எந்தெந்த நிறுவனங்கள் எந்தெந்த வேலைக்கு ஆள் எடுக்க வருகின்றன என்ற விவரப் பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்கி மாணவர்களின் கையில் கொடுங்கள். ஒரு மாணவர் எங்கள் முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போது எங்களால் அவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒதுக்க முடிவதில்லை, ஏனென்றால் அவருக்குப் பின்னால் வரிசை நிற்கிறது. அந்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் பார்ப்பதெல்லாம் அவர் ஏற்கெனவே செய்து முடித்த தயாரிப்பை மட்டுமே.

இதை நான் நம் இரண்டு மாவட்டக் கல்லூரிகளிடம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களில் அதுவே கடைசி இடம். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியும் அந்தக் கணக்கெடுப்பில் வெகுதூரம் முந்திவிடவில்லை. உங்கள் வகுப்பறையில் இன்று இருப்பவர்களில் பெரும்பகுதியினர் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கப்போகிறவர்கள். பெரிய நகரத்துப் பிள்ளைக்கு இன்டர்வியூ என்றால் என்ன கேட்பார்கள், சி.டி.சி. என்று சொல்லப்படும், நிறுவனம் ஒருவருக்காகச் செலவிடும் மொத்தத் தொகைக்கும் கைக்கு வரும் சம்பளத்துக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லிக்கொடுக்க அக்காவோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டு மாமாவோ இருப்பார்கள். சித்தேரி மலையிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ வருகிற பிள்ளைக்கு அந்த இடத்தில் இருப்பது நீங்கள் மட்டும்தான்.

முதலில் பட்டியலைப் பற்றிச் சொல்கிறேன். முகாமுக்கு வைக்கப்படும் பிளக்ஸ் பலகையில் எத்தனை நிறுவனங்கள், எத்தனை காலியிடங்கள் என்பது பெரிய எழுத்தில் இருக்கும்; என்ன வேலை, எங்கே வேலை என்பது இருக்காது. மாணவர்கள் உள்ளே நுழைந்ததும் தாங்கள் பெயர் கேள்விப்பட்ட நிறுவனத்தைத் தேடிப் போகிறார்கள். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று ஓசூரில் காலூன்றி நிற்கும் பெயர்கள், போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை, ஓசூர்ப் பக்கம் கைபேசி பாகங்கள் செய்யும் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவை பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் இப்படிப்பட்ட ஒவ்வொரு பெரிய ஆலைக்கும் பின்னால் வார்ப்பு, பிளாஸ்டிக் மோல்டிங், ஒயரிங், பெயின்டிங், பேக்கிங் செய்து தரும் சிறிய, நடுத்தர நிறுவனங்கள் வரிசையாக இருக்கின்றன என்பதும், புதிதாகப் படித்து வருகிறவர்களுக்கு வேலையைப் பல கோணங்களில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அங்கேதான் அதிகம் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. அதனால் ஒரு மேசையின் முன் நூறு பேர் நிற்க, அடுத்த மேசையில் ஆளே இல்லாமல் காலியிடத்தோடு எங்களைப் போன்றவர்கள் திரும்பிப் போகிறோம்.

படித்த பாடத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பும் இப்படித்தான் தவறிப் போகிறது. பி.எஸ்சி. வேதியியல் முடித்த ஒரு மாணவி கால் சென்டர் வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. உலோகப் பூச்சுத் தொட்டியின் கரைசலைச் சோதிக்கவும், பெயின்ட் ஷாப்பில் தரம் பார்க்கவும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தினசரி மாதிரி எடுத்துப் பதிவு செய்யவும் வேதியியல் தெரிந்தவர் தேவை என்பதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இயற்பியல் படித்தவருக்கு அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் இடமுண்டு. வணிகவியல் படித்தவருக்குக் கணக்குப் பிரிவு மட்டுமின்றி ஸ்டோர்ஸ், கொள்முதல், அனுப்புகைப் பிரிவுகளிலும் வேலை உண்டு. தமிழோ வரலாறோ படித்தவர்களுக்கு ஆலைக்குள் இடம் குறைவு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் சேவை, காப்பீடு, சிறுகடன் நிறுவனங்கள், ஆலைகளில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் போன்றவற்றில் அவர்களை எடுக்கிறார்கள். பட்டியல் இரண்டு வாரம் முன்பே வந்துவிட்டால், ஒவ்வொரு துறை ஆசிரியரும் அரை மணி நேரம் உட்கார்ந்து, தம் மாணவர்கள் எந்த நான்கைந்து மேசைகளுக்குப் போக வேண்டும் என்று குறித்துக் கொடுத்துவிட முடியும். முகாமில் இதைவிடப் பெரிய உதவி வேறு கிடையாது.

அடுத்தது பயோடேட்டா. முகாமுக்கு முந்தைய நாள் மாலை ஜெராக்ஸ் கடையில் ஒரே மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி அச்செடுத்த தாள்கள் எங்களிடம் கட்டுக்கட்டாக வந்து சேர்கின்றன. மேலே லட்சியம் என்ற தலைப்பில் எல்லோருக்கும் ஒரே ஆங்கில வாக்கியம். கீழே எல்லோருக்கும் கிரிக்கெட், பாட்டுக் கேட்டல். ஒருமுறை என் முன் உட்கார்ந்த மாணவரின் தாளில் அவர் பெயர் சரியாக இருந்தது. தந்தை பெயரும் ஊரும் வேறு யாருடையதோ. நான் விரலால் சுட்டிக்காட்டியபோது அந்தப் பிள்ளையின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எளிய கேள்விகளுக்குக்கூட அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அது முந்தைய மாலையின் அவசரத்தால் வந்த பிசகு. அவருடைய திறமைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

ஒரு பக்கம் போதும். படிப்பு, மதிப்பெண், அரியர் இருந்தால் அதன் உண்மையான எண்ணிக்கை, செய்த புராஜெக்ட் பற்றி இரண்டு வரி, தெரிந்த மென்பொருள், நான் முதல்வன் திட்டத்தில் முடித்த பயிற்சி, தொடர்பு எண். இதற்குமேல், மாணவர் தன் கையால் செய்த வேலை எதுவானாலும் அதை எழுதச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் வீட்டு வேலையும் காட்டு வேலையும் பயோடேட்டாவில் எழுதத் தக்கவை அல்ல என்று அவர்களாகவே முடிவு செய்துவிடுகிறார்கள்.

பாலக்கோடு பக்கத்து பி.காம். மாணவி ஒருவரை நினைவுகூர்கிறேன். ஸ்டோர்ஸ் உதவியாளர் பணிக்கு வந்திருந்தார். முன் அனுபவம் என்ற இடத்தில் கோடு போட்டிருந்தார். பேச்சுக் கொடுத்தபோது, அவர்கள் வீட்டில் தக்காளி போடுகிறார்கள் என்றும், மண்டிக்குப் போகும் கணக்கை அவர்தான் நோட்டில் எழுதுகிறார் என்றும் சொன்னார். எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன். எத்தனை கூடை ஏற்றினார்கள், மண்டியில் எத்தனை கூடை இறங்கியதாகச் சீட்டு வந்தது, அன்றைய விலை என்ன, கமிஷன் எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, கூடை திரும்பி வந்ததா இல்லையா என்று தனித்தனிப் பத்தியாகக் கோடு போட்டு எழுதுவதாகவும், சீட்டுக்கும் நோட்டுக்கும் வித்தியாசம் வந்தால் அப்பாவைவிட்டு மறுநாளே கேட்கச் சொல்வதாகவும் சொன்னார். வந்த சரக்கு, போன சரக்கு, கையிருப்பு, சீட்டோடு ஒப்பிடுதல் என ஸ்டோர்ஸ் வேலையின் அடிப்படை அத்தனையும் அந்த நோட்டில் இருந்தது. அவரைத் தேர்ந்தெடுத்தோம். நான் பேச்சுக் கொடுத்திராவிட்டால் அந்தக் கோடு மட்டுமே எங்கள் கண்ணில் பட்டிருக்கும். முகாமில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் பேச்சுக் கொடுக்க நேரமில்லாத மேசைகளின் முன் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். பட்டுக்கூடு வளர்ப்பில் வெப்பநிலை பார்த்துக் குறித்தவர், மாந்தோப்புக் குத்தகைக்குக் கணக்கு எழுதியவர், மகளிர் சுய உதவிக் குழுவுக்குத் தீர்மானப் புத்தகம் எழுதிக் கொடுத்தவர், விடுமுறையில் திருப்பூரில் செக்கிங் வேலை பார்த்தவர் என உங்கள் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மொழி விஷயத்திலும் இதே கதைதான். தேன்கனிக்கோட்டை, தளி, வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாணவர்களில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழ், ஆங்கிலம் என்று மட்டும் எழுதுகிறார்கள், எழுதப் படிக்கத் தெரியாத மொழியை எழுதக் கூடாது என்ற எண்ணத்தில். ஓசூரிலும் அதைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை செய்யப் போகிறவருக்குக் கன்னடம் பேசத் தெரிவது உண்மையான தகுதி. பேச மட்டும் தெரியும் என்று குறிப்பிட்டு எழுதினால் போதும்.

பேச்சுக்கு வருகிறேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும், மனப்பாடம் செய்த ஆங்கிலப் பத்தி ஒன்று வேகமாகத் தொடங்குகிறது; மூன்றாவது வாக்கியத்தில் ஒரு சொல் மறந்துபோகிறது; அதோடு எல்லாம் நின்றுவிடுகிறது. மனப்பாடப் பத்தியைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். எந்த ஊர், என்ன படிப்பு, அந்தப் படிப்பில் எது பிடித்தது, இந்த வேலைக்கு ஏன் வந்தேன் என்ற நான்கு விஷயங்களைச் சொந்த வார்த்தையில் சொல்லப் பழக்குங்கள். ஆலைத்தளம், ஆய்வகம், ஸ்டோர்ஸ் போன்ற வேலைகளுக்குத் தமிழில் பேசலாமா என்று கேட்டுவிட்டுப் பேசினால் எங்களில் பெரும்பாலோர் மறுப்பதில்லை. பெங்களூரு அலுவலக வேலைக்கும் மென்பொருள் வேலைக்கும் ஆங்கிலம் வேண்டும் என்பதையும் மூடி மறைக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் யாரும் ஆங்கிலம் கற்றுவிட முடியாது; ஆனால் தன் புராஜெக்டைப் பற்றி ஐந்து வாக்கியம் தடுமாறாமல் பேச இரண்டு வாரம் தாராளமாகப் போதும். தினமும் மதிய உணவு இடைவேளையில் இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டாலே பாதிப் பயம் போய்விடும்.

எல்லா மேசைகளிலும் எழுகிற இன்னொரு கேள்வி உண்டு: அரசுத் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? நம் மாவட்டங்களில் குரூப் 4 எழுதாத பட்டதாரி வீடு அரிது. எங்களுக்கும் அது தெரியும். இந்தக் கேள்விக்குச் சிலர் இல்லை என்று பொய் சொல்கிறார்கள். சிலர் ஆமாம், வேலை கிடைக்கும்வரை இங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறார்கள். முதல் பதில் ஒரு மாதத்தில் வெளிப்பட்டுவிடும். இரண்டாவது பதில் அங்கேயே கதவைச் சாத்திவிடும். தேர்வு எழுதுகிறேன், ஆனால் இங்கே சேர்ந்தால் முறையாக முன்னறிவிப்புக் கொடுக்காமல் போக மாட்டேன், சேர்ந்த வேலையைக் கற்றுக்கொள்ளவே வந்திருக்கிறேன் என்று நேராகச் சொல்கிற மாணவரை நான் மதிக்கிறேன், தேர்ந்தெடுத்தும் இருக்கிறேன். தனியார் வேலைக்குப் போனால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு போய்விடும் என்று நினைத்து முகாமுக்கே வராதவர்களும் இருக்கிறார்கள். முகாம் மூலம் தனியார் நிறுவனத்தில் சேர்வதால் அந்தப் பதிவு ரத்தாகாது என்று முகாம் அறிவிப்புகளில் ஒவ்வொரு முறையும் அச்சிடப்படுகிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. வகுப்பில் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நாங்கள் கேட்பதற்குப் பதில் சொல்லக் கற்றுக்கொடுப்பதோடு, எங்களைக் கேள்வி கேட்கவும் கற்றுக்கொடுங்கள். என் துறையைச் சேர்ந்தவர்கள் சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம், ஆனாலும் சொல்கிறேன். முகாமில் மேசை போடுகிறவர்கள் எல்லோரும் ஆலை உரிமையாளர்கள் அல்லர். ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்த நிறுவனங்கள், கன்சல்டன்சிகள் பல வருகின்றன. பலகையில் பெரிய ஆலையின் பெயர் இருக்கும். சம்பளம் போடுவது வேறொரு நிறுவனமாக இருக்கும். அதில் சட்டவிரோதம் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் சேர்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே, நான் யாருடைய சம்பளப் பட்டியலில் இருப்பேன் என்பது மாணவரின் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இரண்டாவது கேள்வி, கைக்கு எவ்வளவு வரும் என்பது. இதை ஒரு கணக்காகவே வகுப்பில் போட்டுக் காட்டலாம். ஒரு வேலையின் மொத்த மாதச் சம்பளம் 16,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதிப் பங்கு அடிப்படையில் 12 விழுக்காடு, அதாவது 1,440 ரூபாய், இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டுப் பங்கு மொத்தத்தில் 0.75 விழுக்காடு, அதாவது 120 ரூபாய். இரண்டும் போகக் கைக்கு வருவது 14,440. நிறுவனமோ தன் பங்காக வைப்பு நிதிக்கு 1,440 ரூபாயும் இ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடாகிய 520 ரூபாயும் கட்டுகிறது. அவற்றையும் சேர்த்து 17,960 என்று சி.டி.சி. கணக்குச் சொல்வார்கள். மாணவர் காதில் பதினெட்டாயிரம் என்று விழுகிறது. வீட்டில் போய் அதையே சொல்கிறார். முதல் மாதம் பதினான்காயிரம் சொச்சம் வந்ததும், அதிலும் விடுதிக்கும் கேன்டீனுக்கும் கொஞ்சம் பிடித்திருந்தால் இன்னும் குறைவாக வந்ததும், ஏமாற்றிவிட்டார்கள் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுகிறார். வைப்பு நிதி அவருடைய பணம்தான், இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அவரைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் பார்க்கலாம் என்பதை அவருக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை நின்றிருக்கும்.

மூன்றாவது கேள்வி, இது வேலையா, அப்ரண்டிஸ் பயிற்சியா என்பது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி சேர்கிறவர் பயிற்சி பெறுபவராகவே கருதப்படுகிறார், தொழிலாளியாக அல்ல. அவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. காலம் முடிந்ததும் அதே ஆலையில் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயம், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, நிறுவனத்துக்கு இல்லை. இதைச் சொல்வதால் அப்ரண்டிஸ் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர், டர்னர் முடித்த ஒருவருக்கு நல்ல ஆலையில் ஓராண்டு பழகுநராக இருந்து தேசியச் சான்றிதழ் வாங்குவது எந்த முகாமிலும் கிடைக்கும் சிறந்த வாய்ப்புகளில் ஒன்று என்பது என் கருத்து. நிரந்தர வேலை என்று நினைத்துக்கொண்டு அதில் சேர்வதுதான் பிரச்சினை. ஒப்பந்தம் எழுத்தில் பதிவாகிறதா, காலம் எவ்வளவு, முடிவில் என்ன சான்றிதழ் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சேரட்டும்.

பணம் கேட்கும் மேசையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம், சீருடை முன்பணம், பயிற்சிக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்து உங்களிடமோ வேலைவாய்ப்பு அலுவலரிடமோ சொல்லச் சொல்லுங்கள். மூலச் சான்றிதழ்களை யார் கேட்டாலும் காட்டலாம். கொடுத்துவிட்டு வரக் கூடாது.

மாணவிகளின் விஷயத்தில் பெற்றோரையும் சேர்த்துத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. என் முன் மகள் உட்கார்ந்திருக்க, பின்னால் நிற்கும் தந்தை பதில் சொல்வது அடிக்கடி நடக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரவு ஷிப்ட் உண்டா, விடுதியில் யார் பொறுப்பு, நிறுவனப் பேருந்து எந்த ஊர்வரை வருகிறது, எத்தனை மணிக்கு இறக்கிவிடும் என்று அவர் கேட்பவை எல்லாம் நியாயமான கேள்விகள். மகள் கேட்க வேண்டிய கேள்விகளும் அவைதான். ஆனால் மகள் வாய் திறக்காமல் இருந்தால் எங்களால் தேர்வு செய்ய முடியாது. தேர்வு செய்து ஆணை கொடுத்த பிறகு, அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்று வீட்டில் முடிவாகி வராமல் போனவர்களும் பலர். முகாமுக்கு ஒரு வாரம் முன்பு பெற்றோரைக் கல்லூரிக்கு அழைத்து, ஏற்கெனவே ஓசூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் முன்னாள் மாணவிகள் இருவரை அவர்களிடம் பேசவையுங்கள். நான் சொல்வதைவிடவும் நீங்கள் சொல்வதைவிடவும், அதே அரூரிலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ போய் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண் சொல்வதையே அவர்கள் நம்புவார்கள்.

இதே இரண்டு வாரத்தில் செய்து முடிக்க வேண்டிய சின்ன வேலை ஒன்றும் இருக்கிறது. ஆதார் அட்டையிலும் மதிப்பெண் சான்றிதழிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும். இன்னொன்றில் தந்தை பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். பிறந்த தேதிகூடச் சிலருக்கு மாறியிருக்கும். வைப்பு நிதிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்படுவதால், சேர்ந்த பிறகு இது பெரிய தலைவலியாகிறது.

முகாம் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் பேருந்தில் வரட்டும். மதியத்துக்கு மேல் பல மேசைகள் காலியாகிவிடும். துவைத்துத் தேய்த்த சாதாரண உடை போதும். கடன் வாங்கிய கோட்டு வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வரட்டும். குறித்துக்கொண்ட மேசைகளில் மிகவும் விரும்பும் நிறுவனத்துக்கு முதலில் போகாமல் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ போகட்டும், அதற்குள் குரல் நடுக்கம் அடங்கியிருக்கும். நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரே மேசைக்கு வருவதையும், ஒருவர் தேர்வாகாததால் மற்ற மூவரும் சேராமல் போவதையும் நிறுத்த உங்களால்தான் முடியும்.

முகாம் முடிந்த பின்பு நடப்பவை இதைவிட முக்கியமானவை. அடுத்த சுற்றுக்கு அழைக்க நாங்கள் தொலைபேசியில் கூப்பிடும்போது பலருடைய எண்ணில் தந்தையார் எடுக்கிறார். அவர் காட்டில் இருக்கிறார், பிள்ளை எங்கேயோ இருக்கிறது. செய்தி போய்ச் சேர்வதில்லை. சிலர் புது எண் என்பதால் எடுப்பதே இல்லை. மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல் மறந்திருக்கும். மாணவர் தன் சொந்த எண்ணைக் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் நேரம் குறித்துக் கொடுக்கட்டும். பேசிய நிறுவனத்தின் பெயர், பேசியவர் பெயர், சொன்ன தேதி ஆகியவற்றை மேசையிலிருந்து எழுந்ததும் ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். மூன்று நான்கு நாளில் தகவல் வராவிட்டால், தன் பெயர், கல்லூரி, பேசிய வேலை ஆகியவற்றைச் சொல்லி இரண்டு வரிச் செய்தி அனுப்பலாம். எங்களுக்கு அது தொந்தரவு ஆகாது. குவிந்து கிடக்கும் தாள்களில் அந்தப் பெயரைத் தேடி எடுக்கவே அது உதவுகிறது.

உங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். முகாம் முடிந்த மறுநாள் இத்தனை பேருக்குப் பணி நியமன ஆணை என்று செய்தி வருகிறது, புகைப்படம் வருகிறது. மகிழ்ச்சிதான். அந்த எண்ணிக்கையோடு நிற்காமல், ஆணை பெற்றவர்களில் எத்தனை பேர் உண்மையில் சேர்ந்தார்கள், மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள், போனவர்கள் ஏன் போனார்கள் என்று உங்கள் வேலைவாய்ப்புப் பிரிவில் ஒரு பதிவேடு வையுங்கள். சொன்ன சம்பளம் தராத நிறுவனம், சொன்ன ஊரில் வேலை தராத நிறுவனம் எது என்பது அந்தப் பதிவேட்டில் தானாகத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர்களை அடுத்த முகாமுக்கு அழைக்க வேண்டாம் என்று ஆதாரத்தோடு வேலைவாய்ப்பு அலுவலரிடம் சொல்லும் அதிகாரம் அப்போது உங்களுக்கு வந்துவிடும். நாங்கள் தவறு செய்திருந்தால் எங்கள் பெயரும் அதில் இருக்கட்டும்.

உங்கள் பேராசிரியர்களுக்கு ஏற்கெனவே எவ்வளவு வேலை என்பது எனக்குத் தெரியும். வேலைவாய்ப்புப் பிரிவுக்கென்று தனி ஆளில்லாமல், பாடம் நடத்திக்கொண்டே ஒருவர் இதையும் பார்த்துக்கொள்கிறார் என்பதும் தெரியும். அதனால்தான் புதிதாக எந்தப் பயிற்சித் திட்டத்தையும் நான் கேட்கவில்லை. அடுத்த முகாமின் அறிவிப்பு உங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்றே, கலந்துகொள்ளும் நிறுவனம், வேலையின் பெயர், பணியிடம், சம்பளப் பட்டியல் யாருடையது, கைக்கு வரும் தொகை, ஷிப்ட், தங்குமிடம் ஆகியவற்றைக் கேட்டு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நிறுவனங்களிடம் இவ்விவரங்களை அவர்கள் கேட்டால் நாங்கள் தந்துதான் ஆக வேண்டும். மாதிரி நேர்காணல் நடத்த ஆள் வேண்டுமானால் எங்களைப் போன்றவர்களை வார விடுமுறை நாளில் கூப்பிடுங்கள். ஓசூரில் மனிதவளப் பிரிவுகளில் வேலை பார்க்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் பலர் இருக்கிறோம், பேருந்து ஏறி வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த, ஓசூரில் பணிபுரியும் மனிதவள அலுவலர்